இரண்டாம் எதிர்மனுதாரர்

அப்பா ஓர் அறையை விட்டு வெளியே வந்தால் அந்த அறையின் வெளிச்சமும் கூடவே வந்துவிடும். உள்ளே ஆள் இருக்கிறதா என்று திரும்பிப் பார்க்கிற வழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது. விரல் தானாகச் சுவிட்சுக்குப் போகும். இருட்டுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வரும்.

"நான் இங்க உசுரோடதான் இருக்கேன்!"

விளக்கு மறுபடி எரியும். "நீ சத்தமே காட்டலையே" என்பார், இருட்டில் உட்கார்ந்திருந்தது ஏதோ அவள் செய்த பிழை மாதிரி.

மகனுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இதே கதைதான். அம்மா தண்ணீர் குடிக்க எழுந்து போய்த் திரும்புவதற்குள் மின்விசிறி நின்றிருக்கும். குடும்பத்தோடு இரண்டு நாள் வெளியூர் போனால், ஃப்ரிட்ஜை நிறுத்தி, அதன் கதவைத் திறந்துபோட்டு, பாலைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் வாசல் பூட்டுவார். சொந்த வீட்டோடு விட்டாரா? பல் டாக்டரைப் பார்க்கப் போன இடத்தில், நாலைந்து பேர் கன்னத்தைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டிருந்ததைப் பார்த்து, எல்லாரும் தூங்குகிறார்கள் என்று டிவியை அணைத்துவிட்டார். அடுத்த நிமிடம் ஐந்து பல்வலிக்காரர்கள் சேர்ந்து கத்தினார்கள். மெயின் சுவிட்சை வைத்துத் தெருவில் அவருக்கு 'மெயின் அண்ணன்' என்றே பெயர்.

கஞ்சத்தனம் என்று சொல்லிவிட முடியாது. வந்தவர்களுக்கு டீ வாங்கிக் கொடுக்க அவர் யோசித்ததே இல்லை. வீடுகளுக்கு ஒயரிங் செய்கிற வேலை. வேலை செய்யாத ஒன்று சும்மா உயிரோடு கிடப்பதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, அவ்வளவுதான். "ஓடாததுக்கு எதுக்குத் தீனி?" என்பார்.

அம்மாவுக்குத் திரைச்சீலைக் கடையில் வேலை. தைப்பதும் அவள்தான், வீடுகளுக்குப் போய் மாட்டுவதும் அவள்தான். ஏணியின் உச்சிப்படியில் நின்று, வாயில் நாலு கொக்கியைக் கவ்விக்கொண்டு, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, ஒரு சுவர் அகலத் திரையைக் கீழே குனிந்து பார்க்காமல் மாட்டி முடிப்பாள். இறங்கி வந்து தூரத்தில் நின்று பார்ப்பாள். மடிப்புகள் ஒன்றுபோல விழுந்திருந்தால் கொக்கி கவ்விய வாயோடேயே சிரிப்பாள்.

மகன் அந்த வீட்டில் முதல்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன். படித்தது இயற்பியல், பார்க்கிற வேலை டயர் கிடங்கில் கணக்கு. ஆனாலும் மருந்து அட்டை முதல் வங்கிக் கடிதம் வரை எது வந்தாலும் அவன் கைக்குத்தான் வரும். "படிச்சவன் இருக்கான்ல, அவன்கிட்ட குடு." அவனும் வாங்கி, புருவத்தைச் சுருக்கி, புரிந்தவன் மாதிரியே படிப்பான். பாதி நேரம் அவனுக்கும் புரியாது. அதைச் சொல்லிவிட்டால் இத்தனை வருடம் அவர்கள் கட்டிய ஃபீஸ் என்ன ஆவது?

அவர்களிடம் ஒரு பழைய கார் இருந்தது. ஒயரிங் வேலைக்கு ஏணியும் கம்பிச் சுருள்களும் ஏற்றிப் போக அப்பா வாங்கியது. ஒருநாள் அதன் கியர் பாக்ஸ் உடைந்தது. சரியான பாகம் பழைய இரும்புக் கடையில் கிடைக்கிறவரை, கார் பின்சந்தில் செங்கல் மேல் ஏறி நின்றது. ஓடாத வண்டிக்குப் பின்பக்கம் எதற்குக் கனெக்‌ஷன் என்று, எலி கடித்த பழைய ஒயர்களையெல்லாம் உருவிப் போட்டார். அப்புறம்தான் அவருக்கு இன்சூரன்ஸ் ஞாபகம் வந்தது.

ஓடாததுக்கு எதுக்குத் தீனி?

அப்பாவும் மகனும் இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போனார்கள். வண்டி ஓடாத காலத்துக்கு இன்சூரன்ஸை நிறுத்தி வைக்கலாம் என்றாள் கவுன்டரில் இருந்த பெண். மீதிக் காலத்துக்கு உரிய பணம்கூடத் திரும்பக் கிடைக்கும்.

"ஆனா திரும்பத் தொடங்கறவரைக்கும் வண்டி ரோட்டுல இறங்கக் கூடாது சார்."

"அது எங்க இறங்கும்மா? செங்கல் மேல நிக்குது."

மகன் காகிதத்தை வரிவரியாகப் படித்துச் சொன்னான். எந்தக் காரணத்துக்காகவும் சாலையில் ஓட்டக் கூடாது என்று தெளிவாகவே இருந்தது. இரண்டு பேரும் தலையாட்டினார்கள். திரும்பி வந்த பணத்தில் அம்மாவுக்கு வழுக்காத செருப்பு ஒன்று வாங்கினார் அப்பா. ஏணி ஏறுகிறவள் அல்லவா?

பாகம் கிடைத்தது. ஒரு சனிக்கிழமை மதியத்துக்குமேல் கார் உறுமி, இருமி, ஓடத் தொடங்கியது. இன்சூரன்ஸ் ஆபீஸ் மூடியாகிவிட்டது, இனி திங்கட்கிழமைதான். பின்விளக்கு ஒயர்களை ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாக இழுத்துக்கொள்ளலாம் என்று அப்பா கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போது மழை பிடித்தது. அம்மா கடையிலிருந்து போன் செய்தாள். வீட்டில் தைப்பதற்குத் துணிச்சுருள் கொடுத்திருக்கிறார்கள், நனையாமல் எப்படிக் கொண்டு வருவது என்று தெரியவில்லை என்றாள்.

"அங்கயே நில்லு. நான் வரேன்."

"எதுல?"

"வந்ததும் பாரு."

அவர் தொழிலில் டிரையல் என்று ஒன்று உண்டு. ஒயரிங் முடிந்ததும் ஒரு பல்பை மாட்டி, ஒரு நிமிடம் மின்சாரம் விட்டுப் பார்த்து, உடனே நிறுத்திவிடுவார்கள். அப்போது அந்த வீட்டுக்குக் கரன்ட் வந்துவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வேலை முடித்து, சோதித்து, ஒப்படைத்தால்தான் கரன்ட் வந்ததாகக் கணக்கு. டிரையல் வேறு, ஓட்டம் வேறு. இத்தனை வருடப் பழக்கம் அவர் காலை ஆக்ஸிலரேட்டரில் வைத்தது. இது டிரையல்தானே. கடை வரைக்கும் போய்த் திரும்புகிற டிரையல்.

போகும்போது ஒன்றும் ஆகவில்லை. வரும்போது, முக்குத் திருப்பத்தில் சைக்கிள்காரர் ஒருவர் குறுக்கே வந்தார். அப்பா பிரேக்கை மிதித்தார். சைக்கிள் தப்பியது. பின்னால் பறந்து வந்த சரக்கு வேன் நிற்கவில்லை. காரின் பின்பாதி சப்பையாகிப் போனது. மடியில் துணிச்சுருளை அணைத்தபடி இருந்த அம்மா முன்னால் போய் மோதினாள். அப்பாவுக்கு உதட்டில் ஒரு கீறல், அவ்வளவுதான். அதை அவர் கடைசிவரை ஓர் அவமானமாகவே வைத்துக்கொண்டிருந்தார்.

போலீஸ்காரர் வந்து இன்சூரன்ஸ் காகிதம் கேட்டார்.

"நிறுத்தி வச்சிருக்கேன் சார்."

"எதை? காரையா?"

"இன்சூரன்ஸை."

போலீஸ்காரர் அவரையும் நசுங்கிய காரையும் மாறி மாறிப் பார்த்தார். "மாத்தி நிறுத்தியிருக்கணும்யா" என்றார்.

அம்மாவின் வலது தோள் மூட்டு கிண்ணத்தோடு உடைந்திருந்தது. கட்டுப் போட்டு, காத்திருந்து, மறுபடி படம் எடுத்துப் பார்த்த டாக்டர், ஆபரேஷன் செய்தால்தான் கை நெஞ்சுக்கு மேல் வரும் என்றார். சொன்ன தொகை அந்த வீட்டுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. கையோ நெஞ்சோடு நின்றது. திரை மாட்டுகிறவளுக்கு நெஞ்சுயரத்தில் என்ன வேலை?

விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். "இன்சூரன்ஸ் இல்லாம ஓட்டினீங்கல்ல? அப்ப ஒரு பைசா பெயராது. வாயைத் திறந்தீங்கன்னா உங்களையே உள்ள தூக்கி வச்சுருவான்." அபராதம் வந்தது, கட்டினார்கள். கார் பழைய இரும்புக்குப் போனது. அதன் சேதத்துக்குக் கேட்பதற்கு அவர்கள் பக்கம் ஒரு கம்பெனியும் இல்லை. இதோடு எல்லாம் முடிந்தது என்று வீடு வாயை மூடிக்கொண்டது.

அம்மாவால் தலை பின்ன முடியவில்லை. முதல் நாள் அப்பா சீப்போடு வந்து நின்றபோது அவள் திரும்பி உட்கார்ந்தாள். அவர் கூந்தலை மூன்றாகப் பிரித்து, மூன்று ஒயரை முறுக்குகிற மாதிரி இறுக்கி முறுக்கி, நுனியில் இன்சுலேஷன் டேப்பைத் தேடினார்.

"ரப்பர் பேண்டு அங்க இருக்கு" என்றாள் அம்மா. கண்ணாடியில் திரும்பிப் பார்த்தாள். "இது சடையா, சர்வீஸ் ஒயரா?"

தினமும் நடந்தது இது. அவள் கேலி செய்வாள், வலிக்கிறது என்பாள், இன்னும் இறுக்கு என்பாள். ஒன்றை மட்டும் சொல்ல மாட்டாள். ஏன் அந்தக் காரை எடுத்தீர்கள் என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை. மகனும் கேட்கவில்லை. காகிதத்தைப் படித்துத் தலையாட்டியவன் எந்த வாயால் கேட்பான்? அப்பா சுவிட்சுகளை அணைப்பதுகூடக் குறைந்துபோனது. யாரும் இல்லாத அறையில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். பார்க்கவே பயமாக இருக்கும்.

திரைச்சீலைக் கடை முதலாளிதான் ஒரு வக்கீலம்மாவிடம் போகச் சொன்னார். படிக்கட்டுக்கு அடியில் ஒரு சின்ன ஆபீஸ். மூவரும் உட்கார இரண்டு நாற்காலிதான் இருந்தது; அப்பா நின்றார்.

வக்கீலம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முதலில் அப்பாவைத்தான் பார்த்தார். "இன்சூரன்ஸ் இல்லாம ஓட்டினது தப்பு. அதுக்கு அபராதம் கட்டியாச்சு. ஆனா அதனால வேன்காரன் வேகமா வந்தது இல்லைன்னு ஆயிடாது. வேனுக்கு இன்சூரன்ஸ் இருக்கு. உங்க வீட்டம்மா கேட்கலாம்."

மூவருக்கும் மூச்சு வந்தது.

"இருங்க, முழுசா கேளுங்க. வேன் மேல எவ்வளவு தப்போ, அவ்வளவுக்குத்தான் வேனோட கம்பெனி குடுக்கும். உங்க பக்கம் கொஞ்சம் தப்புன்னு கோர்ட்டு சொன்னா, அந்தப் பங்கை உங்க கம்பெனி குடுத்திருக்கும். இப்பதான் கம்பெனியே இல்லையே. அதை நீங்களே உங்க கையிலருந்து குடுக்கணும்."

"யாருக்கு?" என்றார் அப்பா.

"அடிபட்டவங்களுக்கு. இவங்களுக்குத்தான்."

"அப்ப இவரு மேல நான் கேஸ் போடணுமா?" அம்மா எழுந்துவிட்டாள். "வக்கீலம்மா, நான் இவருக்குச் சமைச்சுப் போடறேன். இவரு எனக்குத் தலை பின்னி விடறாரு. நாங்க கோர்ட்டுக்கு ஒரே பஸ்ஸுலதான் வரணும்."

"வாங்களேன். பஸ்ஸுல சேர்ந்து வரக் கூடாதுன்னு சட்டம் இல்ல. இவரை விட்டுட்டுக் கேஸ் போட்டா, வேன்காரங்க எல்லாப் பழியையும் இவரு தலையில தூக்கிப் போட்டுட்டுப் போவாங்க. இவரும் வந்து பேசணும்ல?"

அம்மா மாட்டேன் என்று வீட்டுக்கு வந்துவிட்டாள். சமாதானப்படுத்தியது அப்பாதான். வேண்டிக் கெஞ்சி, தன் மேல் வழக்குப் போட வைத்த மனிதர் அவராகத்தான் இருப்பார். "போடு. நல்லா போடு. உன் கை மேல வரணும், எனக்கு அதுதான் வேணும்." மனுவில் வேன் சொந்தக்காரர் முதலாம் எதிர்மனுதாரர், அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனி மூன்றாவது. நடுவில் அப்பா, இரண்டாம் எதிர்மனுதாரர். மகன் அதை வாசித்துக் காட்டியதிலிருந்து அம்மாவுக்கு ஒரு விளையாட்டு கிடைத்துவிட்டது.

"இரண்டாம் எதிர்மனுதாரரே, சாப்பாடு ஆறுது."

"மனுதாரர் சாப்பிட்டாச்சா?"

"மனுதாரரால ஜாடியை எட்டி எடுக்க முடியல. எதிர்த்தரப்பு வந்து எடுத்துக் குடுத்தா ஊறுகாய் உண்டு."

வேனின் இன்சூரன்ஸ் கம்பெனி தன் பதிலைக் கொடுத்தது. காரின் பிரேக் விளக்கு எரியவில்லை, அதனால்தான் வேன்காரருக்குத் தெரியவில்லை என்றது. வேன்காரரின் வாய்ச்சொல் தவிர அதற்குச் சாட்சி இல்லை. காரின் பின்பக்கம் நசுங்கி, எடைக்குப் போய், உருகியே போயிருக்கும். எரிந்ததா இல்லையா என்பது உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும்.

மகன் அதைச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து விளக்கினான். எரிந்தது என்று அப்பா சொன்னால் முழுத் தப்பும் வேன் மேல் போகும். முழுப் பணமும் வரும். ஆபரேஷன், அதற்கப்புறம் அம்மா வேலை இல்லாமல் இருக்கிற காலம், எல்லாவற்றுக்கும் காணும்.

"எரிஞ்சுதுன்னு ஒரு வார்த்தை போதும்பா. வேற எதுவும் சொல்ல வேணாம்."

சொல்லும்போது தன் குரல் பெரிய மனிதர்களின் குரல் மாதிரி இருந்ததை அவனே கவனித்தான். இதற்குத்தானா படித்தோம் என்று ஒரு நொடி தோன்றியது. அம்மா இடது கையால் சாப்பிட முயன்று சிந்திக்கொண்டிருந்தாள். அந்த எண்ணம் அதோடு போய்விட்டது.

"எரிஞ்சுது" என்று சொல்லிப் பார்த்தார் அப்பா. ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு போகும்போதும், குழாயடியிலும், சடை பின்னும்போதும் சொல்லிப் பார்த்தார். "எரிஞ்சுதுங்க. எரிஞ்சுது." அம்மா கண்ணாடி வழியாக அவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

விசாரணை நாளில் மூவரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். வராந்தாவில் ஒரே டப்பாவிலிருந்து சாப்பிட்டார்கள். பெயர் கூப்பிட்டதும் அம்மா ஒரு பக்கத்து பெஞ்சுக்கும் அப்பா மறுபக்கத்து பெஞ்சுக்கும் போனார்கள். போகும்போது அவர் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த ஒரு பருக்கையை அம்மா தட்டிவிட்டாள்.

கம்பெனி வக்கீல் ஒல்லியான மனிதர், நாக்குக்கு அடியில் இருமல் மிட்டாய் வைத்திருந்தார்.

"என்ன தொழில்?"

"எலெக்ட்ரீஷியன்."

"ரொம்ப வருஷமாவா?"

"கல்யாணத்துக்கு முந்தியிலருந்தே."

"அப்ப ஒரு விளக்குக்குக் கனெக்‌ஷன் இருக்கா இல்லையான்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"பிரேக் விளக்கு எரிஞ்சுதா?"

மகன் பின்வரிசையிலிருந்து உதட்டை அசைத்தான். அப்பா அவனைப் பார்க்கவில்லை. எதிர் பெஞ்சில், கட்டுத் துணியில் தொங்கிய கையைப் பார்த்தார்.

"எரியலைங்க."

மிட்டாய் இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குப் போனது. இன்னும் பத்துக் கேள்விகளோடு வந்திருந்தவர் கையில் எல்லாம் வீணாகிவிட்டது. "ஏன்?" என்று மட்டும் கேட்டார்.

"நான்தான் கனெக்‌ஷன் குடுக்கல. மறுநாள் குடுக்கலாம்னு இருந்தேன். இன்சூரன்ஸும் நான்தான் நிறுத்தினேன். இவ மழையில நிக்கறாளேன்னு எடுத்துட்டுப் போனேன்." கொஞ்சம் நிறுத்தி, "வேன் தலைதெறிக்க வந்துச்சு, அதையும் எழுதிக்குங்க" என்றார்.

பஸ்ஸில் அம்மா ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். பாலம் தாண்டியதும் ஆரம்பித்தாள்.

"உங்க மனசுல என்னதான் நினைச்சுக்கிட்டு இருக்கீங்க?"

அப்பா தலையைக் குனிந்தார்.

"இது என் தோளு. உங்க தோளு இல்ல. நான் ஏணி ஏறி எத்தனை மாசம் ஆச்சு? ஒரே ஒரு வார்த்தை, அதைச் சொல்ல முடியல உங்களால! வீட்டுல ஒண்ணு விடாம அணைப்பீங்களே, அந்த வாயை அணைக்கத் தெரியாதா? மழையில நான் நனைஞ்சா கரைஞ்சா போயிடுவேன்? யாரு உங்களை அந்தக் காரை எடுக்கச் சொன்னா? டிரையலாம் டிரையல்! என் கைதான் கிடைச்சுதா டிரையல் பார்க்க?"

பஸ் முழுக்கத் திரும்பிவிட்டது. முன்சீட்டில் காய்கறிப் பையோடு இருந்த பெண், "விடும்மா, இந்த ஆம்பளைங்களே இப்படித்தான்" என்றாள்.

"என் புருஷனை நீங்க எதுக்குச் சொல்றீங்க?" என்று அம்மா அவள் மேல் பாய்ந்தாள். அந்தப் பெண் பையை அணைத்துக்கொண்டு முன்னால் திரும்பிவிட்டாள். அம்மா விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினாள்.

மகன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். திட்டு வாங்குகிறவரின் முகமாக அது இல்லை. வெகுநாள் பட்டினி கிடந்தவன் முன்னால் இலை போட்ட மாதிரி இருந்தது.

அம்மாவுக்கும் அது கண்ணில் பட்டிருக்க வேண்டும். நிறுத்தினாள். "என்ன, சிரிக்கிறீங்களா?"

"இல்ல. இத்தனை நாளா நீ ஒரு வார்த்தை கேட்கலையே."

"என்ன கேட்கணும்?"

"இப்ப கேட்டியே, இதைத்தான். தலையை என் கையில குடுத்துட்டு இதைத் தவிர எல்லாம் பேசுவ. எனக்கு மூச்சு முட்டும். யாராவது ஒருத்தர், இது நீ பண்ணினதுதான்டான்னு சொல்லிட மாட்டாங்களான்னு இருந்துச்சு."

"அதுக்குக் கோர்ட்டு வரைக்கும் போகணுமா?" அம்மாவின் குரல் உடைந்தது. "என்கிட்ட கேட்டிருந்தா வீட்டுலயே சொல்லியிருப்பேனே!"

இறங்க வேண்டிய நிறுத்தம் வந்து போய்விட்டது. மூவருமே கவனிக்கவில்லை.

தீர்ப்பில் பத்துப் பங்கில் ஏழு வேனுக்கு, மூன்று அப்பாவுக்கு என்று வந்தது. ஏழு பங்கைக் கம்பெனி கட்டியது. அம்மா கையில் இருந்த சேமிப்பையும் சுரண்டிப் போட்டு ஆபரேஷன் நடந்தது. கை நெற்றி வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. கடை முதலாளி அவளைத் துணி வெட்டுகிற வேலையில் உட்கார வைத்தார். திரைகளை வேறொரு பெண் மாட்டப் போவாள். சம்பளத்தில் ஒரு பகுதி அந்தப் பெண்ணோடு போனது. முழுப் பணமும் வந்திருந்தால் அந்தக் குறைவைச் சமாளித்திருக்கலாம். அப்பா சொன்ன உண்மைக்கு விலை கொடுத்தது அம்மாதானே என்று மகனுக்கு அடிக்கடி தோன்றும். அடுத்த நொடியே, தான் சொல்லிக் கொடுத்த பொய்யை அப்பா சொல்லியிருந்தால் அந்த வீட்டில் யாரால் நிம்மதியாகச் சோறு தின்றிருக்க முடியும் என்றும் தோன்றும். இரண்டில் எது சரி என்று அவனால் இன்றுவரை முடிவுகட்ட முடியவில்லை.

அந்த மூன்று பங்கை என்ன செய்யப் போகிறீர்கள் என்று வக்கீலம்மா கேட்டார். "கோர்ட்டு மூலமா வசூல் பண்ணணுமா? அவரு சொத்தை ஜப்தி பண்ணலாம்."

"அவருக்கு இருக்கற ஒரே சொத்து நான்தான்" என்றாள் அம்மா.

ஆனால் அப்பா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த மாதம் சம்பள நாளில், வீட்டுச் செலவுக்குக் கொடுப்பதைக் கொடுத்துவிட்டு, தனியாகச் சில நோட்டுகளை நீட்டினார்.

"இது என்ன?"

"கோர்ட்டு சொன்னது."

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் நீட்டிய கை அப்படியே நின்றது. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வாங்கிக்கொண்டாள்.

"அப்பா, இது ஒரு பாக்கெட்டுலருந்து இன்னொரு பாக்கெட்டுக்கு மாத்தற வேலை" என்று மகன் கணக்குப் பார்க்கிறவன் தோரணையில் சொன்னான்.

"சட்டை வேற வேறல்ல?" என்றார் அப்பா.

அது எங்கிருந்து வருகிறது என்று அவனுக்குப் பிறகுதான் தெரிந்தது. வீட்டுச் செலவில் அவர் ஒரு பைசா குறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார். ஊர் முழுக்க நடந்தே போனார். வெளியே டீ குடிப்பதை விட்டார். அவர் அம்மாவுக்குத் திருப்பிக் கொடுத்ததெல்லாம் தன் ஞாயிற்றுக்கிழமைகளைத்தான். அம்மாவுக்கும் அது தெரியாமல் இல்லை. ஒரு மாதம் அவர் கொடுத்த பணத்தை அப்படியே கொண்டுபோய் அவருக்கு நல்ல ஷூ வாங்கி வந்தாள்.

"பணம் தர வேண்டியவனுக்கு ஷூ வாங்கிக் குடுக்கற ஆளை இப்பதான் பார்க்கறேன்."

"கால் நல்லா இருந்தாத்தானே நடந்து சம்பாதிச்சு என் கடனைக் குடுப்பீங்க? எல்லாம் சுயநலம்தான்."

சில வருடங்கள் இப்படிப் போயின. மாதம் தவறியதில்லை. தவறினால் அம்மாவே கேட்பாள்: "இரண்டாம் எதிர்மனுதாரர் மறந்துட்டாரு போல?" கேட்கிறபோது அவர் நிமிர்ந்து உட்காருவார்.

ஒரு மழைக்காலத்தில் அப்பாவுக்குச் சளி பிடித்தது. நெஞ்சுக்கு இறங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். படுக்கையிலிருந்தே மகனைக் கூப்பிட்டு, ஆணியில் தொங்கிய சட்டையை எடுக்கச் சொன்னார். பையில் மடித்து வைத்திருந்த நோட்டுகளை எடுத்து அம்மாவிடம் கொடுக்கச் சொன்னார்.

"இப்ப இது ரொம்ப முக்கியமா?" என்றாள் அவள். ஆனாலும் வாங்கிக்கொண்டாள்.

"இன்னும் எவ்வளவு இருக்கு?"

"நிறைய இருக்கு. எந்திரிச்சு வந்து குடுங்க."

சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. அவர் எழுந்து வரவில்லை.

எல்லாம் அடங்கிக் கொஞ்ச நாள் கழித்து வக்கீலம்மா கூப்பிட்டனுப்பினார். இந்த முறை நாற்காலிகள் சரியாக இருந்தன. மேசையில் ஒரு காகிதம். இரண்டாம் எதிர்மனுதாரர் தர வேண்டியதை முழுவதுமாகப் பெற்றுக்கொண்டேன் என்று மனுதாரர் கையெழுத்துப் போட்டால் வழக்கு முடிந்துவிடும். மகன் வழக்கம்போல வாங்கி வாசித்தான். இந்த முறை ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது.

அம்மா பேனாவைத் தொடவில்லை.

"முழுசா எங்க வாங்கினேன்? பாதிகூட வரலையே."

"தெரியும்மா" என்றார் வக்கீலம்மா மெதுவாக. "ஆனா இனிமே யாருகிட்ட கேட்பீங்க? அவரு பேர்ல சொத்துன்னு ஒண்ணும் இல்ல. போட்டுக் குடுத்துட்டா ஃபைலை முடிச்சுடலாம்."

"முடிக்கணும்னு யாரு கேட்டா? அவரு எனக்குத் தரணும். தந்துக்கிட்டுதான் இருந்தாரு. நடுவுல போட்டுட்டுப் போயிட்டாரு. குடுத்து முடிச்சிட்டாருன்னு நான் எப்படி எழுதுவேன்?"

வக்கீலம்மா மகனைப் பார்த்தார். நீ படித்தவன், நீயாவது சொல்லேன் என்கிற பார்வை. அவன் காகிதத்தை மடிக்காமல் மேசையில் திரும்ப வைத்தான்.

"விட்டுத் தர்றதா எழுதலாமே? தள்ளுபடி பண்ணிட்டதா?"

"மாட்டேன்" என்றாள் அம்மா. "அவரு வச்சுட்டுப் போனது அது ஒண்ணுதான்."

வக்கீலம்மா பேனாவை மூடினார். ஃபைல் திரும்ப அலமாரிக்குப் போனது. இரண்டாம் எதிர்மனுதாரர் தர வேண்டிய பாக்கி இன்னும் அப்படியே நிற்கிறது.